பழைய பார்க்கர் 51 வாங்கப் போகிறேன்: நிப்பு உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முடிகொண்டான்:

எல்லோருக்கும் வணக்கம். நன்னிலம் பக்கத்தில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனாலும் மூட்டை வரவு முதலில் பேரேட்டில் ஏறி, அப்புறம்தான் கம்ப்யூட்டருக்குப் போகும். முதலாளி அப்படி. அதனால் தினமும் இரண்டு மூன்று பக்கம் கையால் எழுதுகிறவன். பேனா பைத்தியம் அந்த வேலையால் வந்தது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அது தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் கர்ணம், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை. 1980இல் கர்ணம் பதவியையே எடுத்தார்களே, அதுவரை அடங்கலும் சிட்டாவும் ஒரு கறுப்பு பார்க்கர் 51இல்தான் எழுதினார். யாரையும் தொட விட மாட்டார். அந்தப் பேனா எங்கே என்று கேட்டால் வீட்டில் மூன்று பேர் மூன்று கதை சொல்கிறார்கள்.

இப்போது ஆன்லைனில் ஒருவர் அதே மாதிரி ஒன்றை 9,500 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார். ‘முழுமையாக ரெஸ்டோர் செய்தது, நிப்பு வெண்ணெய் மாதிரி வழுக்கும்’ என்கிறார். நான்கு படங்கள். மூடி போட்டு ஒன்று, கழற்றி ஒன்று, கிளிப் ஒன்று, பழைய புத்தகத்தின் மேல் ரோஜாப்பூ பக்கத்தில் சாய்த்து வைத்து ஒன்று. பாடி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. நிப்புதான் தெரியவில்லை. 51இல் நிப்பு பெரும்பாலும் ஒரு கூட்டுக்குள் மறைந்திருக்கும், வெளியே நீட்டிக்கொண்டிருப்பதே நெல் மூக்கு அளவு. அதுவும் படத்தில் ஒரு மஞ்சள் புள்ளி.

9,500 எனக்குச் சின்னப் பணம் இல்லை. என்ன கேட்பது, எதைப் பார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

முதலில் அது 51தானா என்று பாருங்கள். 1948இல் பார்க்கர் 21 என்று விலை குறைந்த தம்பி ஒன்றை விட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 21இல் நிப்பு ஆக்டானியம் என்ற எஃகுக் கலவை, தங்கம் கிடையாது. 51லேயே ஸ்பெஷல் என்று வந்ததற்கும் ஆக்டானியம்தான். பாடியைத் திருகிக் கழற்றி, உள்ளே அழுத்தி மை ஏற்றும் உலோகக் குழாயைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் 51 என்று பொறித்திருக்கும். எஃகு என்றால் மட்டம் என்று சொல்லவில்லை, எழுதும். ஆனால் தங்கத்தின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் நான் அத்தோடு விட்டுவிடுவேன்.

நிப்பு விஷயம் அரசலாறு அண்ணன் வந்து சொல்லட்டும்.

அரசலாறு:

கூப்பிட்டாச்சு, வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். காபி குடித்துவிட்டு உட்காருங்கள்.

தம்பி, ‘ரெஸ்டோர்’ என்ற சொல்லை முதலில் ஓரமாக வையுங்கள். அது பெரும்பாலும் பாடியைப் பற்றிய பேச்சு. கழுவியிருப்பார், பாலிஷ் போட்டிருப்பார், கிளிப்பை நிமிர்த்தியிருப்பார். ரப்பர் ட்யூப் உள்ள பேனாவாக இருந்தால் புது ட்யூப் போட்டிருப்பார். 51இல் 1948க்குப் பிறகு வந்த அழுத்துகிற மாடல் என்றால் அதன் பிளாஸ்டிக் ட்யூப் பெரும்பாலும் இன்றைக்கும் நன்றாகவே இருக்கும், அங்கே அவருக்கு வேலையே குறைவு. நிப்பை? கழுவியிருப்பார். வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுக் கிணறும் தூர்வாரியாச்சு என்று சொல்கிற கதைதான் பாதி விளம்பரங்கள்.

எங்கப்பா கும்பகோணத்தில் பேனா ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பரீட்சைக்கு முன்னால் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். ஜமாபந்தி சமயத்தில் கர்ணங்கள் வருவார்கள். அப்படி ஒரு கர்ணம், வலங்கைமான் பக்கம், உங்கள் தாத்தா மாதிரியே 51 வைத்திருந்தார். ‘என் கையில் தேன் மாதிரி எழுதுகிறது, என் மகன் கையில் எடுத்தால் கோழி கிளறுகிறது, என்னவென்று பாருங்கள்’ என்று கொடுத்தார். அப்பா கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நிப்பு நுனியில் உருண்டையாக இருக்க வேண்டிய இடத்தில், சாணை பிடித்த மாதிரி ஒரு பக்கம் மட்டும் சரிவாக, மட்டமாக, பளபளவென்று இருந்தது. அவர் பேனாவை எந்தச் சாய்வில் பிடிப்பாரோ அதே சாய்வு. அதே இடத்தில், அதே கோணத்தில் பல வருஷம். அந்தப் பட்டை முகம் காகிதத்தில் படுத்தால் வழுக்கும். மகன் சற்றுத் திருப்பிப் பிடித்தால் அதன் விளிம்பு கீறும். அப்பா காசு வாங்கவில்லை. ‘பேனா நன்றாக இருக்கிறது, உங்களோடேயே இருக்கட்டும்’ என்று அனுப்பிவிட்டார்.

உங்கள் விற்பனையாளர் சொல்லும் வெண்ணெய் எந்த வெண்ணெய் என்பதுதான் கேள்வி. அவர் கையில் வழுக்கலாம், உங்கள் கையில் கீறலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இப்போது பார்ப்பது எப்படி. நிப்பு தங்கம். 14 காரட் என்றால் நூற்றுக்கு 58.5 பங்குதான் தங்கம், ஆனாலும் மிருது. காகிதத்தில் நேராக உரசினால் கொஞ்ச நாளில் கரைந்துவிடும். அதனால் நுனியில் மட்டும் கடினமான வேறு உலோகத்தைப் பற்றவைத்து, உருட்டி, நடுவில் பிளந்திருப்பார்கள். நாம் பொதுவாக இரிடியம் என்கிறோம். 51இல் பிற்பாடு போட்டது ருத்தீனியமும் பிளாட்டினமும் கலந்தது. பெயர் எதுவாக இருந்தாலும் உயிர் அங்கேதான். பக்கவாட்டில் பார்த்தால் நிப்புக்குக் கீழே ஒரு சின்ன வயிறு தெரிய வேண்டும். நேர் எதிரே, அதாவது பேனா உங்கள் கண்ணைக் குத்த வருகிற மாதிரி பிடித்துப் பார்த்தால், கடுகை நடுவில் பிளந்து ஒட்டி வைத்த மாதிரி இரண்டு பாதியும் சமமாக இருக்க வேண்டும். வயிறு இல்லாமல் நிப்பு நேராக வந்து வெறுமனே முடிந்தால் இரிடியம் போய்விட்டது என்று அர்த்தம். தங்கம் காகிதத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குப் புது நுனி பற்றவைப்பதைத் தவிர வழி இல்லை, அந்தச் செலவுக்கு வேறு பேனா வாங்கலாம்.

அதனால் அவரிடம் ரோஜாப்பூ இல்லாத மூன்று படம் கேளுங்கள். பக்கவாட்டில், நேர் எதிரே, மேலிருந்து. செல்போனில் மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் போதும். நகைப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸ் வழியாகப் போனை வைத்து எடுத்தாலும் சரி. தரமாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில்.

எது போனால் போகட்டும், எது போனால் போச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிளவுக்கு இரு பக்கமும் உள்ள இரண்டு கால்களில் ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் கீறும், ஆனால் ஐந்து நிமிஷ வேலை, நகத்தை வைத்தே சரி செய்யலாம். மை குறைவாக வருகிறது, அதிகமாக வருகிறது, அதுவும் சரியாகும். நிப்பு வளைந்து நிமிர்த்தியிருந்தால், சாதாரணத் திறந்த நிப்பில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்க்கும்போது தகரத்தில் சொட்டை எடுத்த மாதிரி நெளிவு தெரியும். நல்ல கை நிமிர்த்தியிருந்தால் பரவாயில்லை. விரிசல் என்றால் வேண்டாம். திறந்த நிப்பில் காற்றுத் துளையிலிருந்து மயிரிழை மாதிரி பக்கவாட்டில் ஓடும். 51இல் அந்த இடமெல்லாம் கூட்டுக்குள் ஒளிந்திருப்பதால் உங்களுக்குத் தெரியாது, கூட்டைச் சூடு காட்டித் திருகினால்தான் தெரியும். ஆகவே ரெஸ்டோர் செய்தேன் என்கிறவரிடம் ‘கூட்டைக் கழற்றினீர்களா, உள்ளே நிப்பைப் படம் எடுத்தீர்களா’ என்று ஒரு கேள்வி போடுங்கள். உண்மையாக வேலை செய்கிறவர் சந்தோஷமாக அனுப்புவார். நாங்கள் எல்லாம் அதைக் காட்டிக்கொள்ளக் காத்திருக்கிறவர்கள்தான்.

நம்மூர்ப் பேனாக்களுக்கு மட்டும் உள்ள வியாதிகள் இரண்டு. ஒன்று, பிளேடு. மை வரவில்லை என்றால் பாதி பிளேடை எடுத்துப் பிளவில் விட்டு இழுக்காத பையன் நம்மில் யார்? நானும் இழுத்திருக்கிறேன். எஃகு நிப்பு தாங்கும். தங்க நிப்பில் பிளவின் உள்சுவரில் பள்ளம் விழுந்துவிடும். இன்னொன்று, சிமெண்ட் தரை. நிப்பு கீறுகிறது என்று திண்ணையில் தேய்ப்பது. லென்ஸில் பார்த்தால் இரிடியத்தின் மேல் மாட்டுவண்டி போன தடம் மாதிரி கோடுகள் தெரியும். புது ரெஸ்டோர்காரர்கள் இதையே பணம் போட்டு வாங்கிய பாலிஷ் தாளில் செய்கிறார்கள். அளவுக்கு மிஞ்சித் தேய்த்தால் பிளவின் இரு ஓரமும் உள்பக்கம் உருண்டுபோய், காகிதத்தைத் தொடுகிற இடத்தில் மை இருக்காது. இதற்கு பேபி பாட்டம் என்று பெயர். குழந்தையின் புட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், விளங்கிவிடும்.

இந்த வியாதியைக் கண்டுபிடிக்க நம் எழுத்தை விட்டால் வேறு சோதனை இல்லை என்பேன். விற்பவர்கள் எல்லோரும் இங்கிலீஷில் சாய்த்துக் கூட்டெழுத்து எழுதி வீடியோ போடுவார்கள். அதில் ஒரு வார்த்தைக்கு ஒரு தடவைதான் பேனா காகிதத்தைத் தொடுகிறது, மை ஓட ஆரம்பித்தால் ஓடிக்கொண்டே இருக்கும். தமிழில் எழுத்துக்கு எழுத்து பேனாவைத் தூக்குகிறோம். ஒவ்வொரு எழுத்தும் புது ஆரம்பம். ஆரம்பத்தில் மை வராத பேனா நம்மிடம் ஒரு வரியில் இருபது தடவை மாட்டிக்கொள்ளும். மேலும் நம் சுழி எல்லாத் திசையிலும் போகிறது. மேலே தள்ளு, இடப்பக்கம் வளை, உள்ளே சுருட்டு. பட்டையாகத் தேய்ந்த நிப்பு அந்தத் திருப்பத்தில் இடறும். எனவே, அவரிடம் ஒரு வரி முழுக்க ‘ண’ எழுதி, அடுத்த வரி ‘இ’ எழுதி, வேகமாகவும் வேண்டாம் அழுத்தவும் வேண்டாம், வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் தெரியாதவர் என்றால் எட்டு எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு எட்டுக்கும் பேனாவைத் தூக்கித் தூக்கி.

கடைசியாக ஒன்று. வாங்கிய பிறகு நிப்பில் கோளாறு என்றால் எந்தப் பட்டறைக்கும் எடுத்துப் போகாதீர்கள். தங்கம்தானே, தட்டி நிமிர்த்திக் கொடுங்கள் என்று ஒரு ஷீஃபர் பேனாவின் நிப்பை நானே ஒரு பத்தரிடம் கொடுத்தேன், இருபத்தைந்து வயதுக் கொழுப்பு. அவர் பழக்கப்படி ஊதுகுழலில் ஒரு சூடு காட்டினார். அருமையாக நிமிர்ந்தது. தங்க நிப்பு துள்ளுவது அதைத் தட்டி உருட்டி இறுக்கியதால். சூடு பட்டால் அந்த இறுக்கம் போய்விடும். இப்போது அது அழுத்தினால் விரியும், விரிந்தது விரிந்தபடி நிற்கும். அல்வாத் துண்டு மாதிரி. பத்தர் மேல் தப்பில்லை, அவருக்கு மோதிரம் தெரியும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அந்த நிப்பைக் கல்லாப்பெட்டியில் நான் தினமும் பார்க்கிற இடத்தில் போட்டு வைத்தார்.

மாயவரத்தாள்:

அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் சண்டை. தேய்ந்த நிப்பு என்றாலே கெட்டது என்று படித்தவர்கள் நினைத்துவிடுவார்கள். நான் இடது கை. புது நிப்பு எதை வாங்கினாலும் எனக்குக் காகிதத்தைக் குத்தும், நாங்கள் தள்ளி எழுதுகிறவர்கள். நாலு வருஷம் முன்பு ஒரு பழைய ஷீஃபர் வாங்கினேன், நுனி ஒரு பக்கம் சரிந்து தேய்ந்தது என்று சொல்லியே குறைத்து விற்றார்கள். எடுத்து எழுதினால், என் கைக்கென்றே செய்த மாதிரி. முன்னால் வைத்திருந்தவரும் இடது கையாக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஐந்து செக்‌ஷன் நோட்டு அதில்தான் திருத்துகிறேன்.

ஆனால் தேய்ந்ததை ‘ஸ்டப் நிப்பு’ என்று பெயர் மாற்றி அதிக விலைக்கு விற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் நானும் அண்ணன் கட்சி.

அரசலாறு:

டீச்சர் சொல்வது நியாயம். தேய்ந்தது என்று சொல்லி, தேய்ந்த விலைக்குக் கொடுத்தால் அதில் குறையே இல்லை. ஸ்டப் என்று வேண்டுமென்றே சாணை பிடித்தது என்றால் நுனி குறுக்கே நேராக, இரண்டு காலிலும் ஒரே அளவில் இருக்கும், ஓரம் மழுங்கடித்திருக்கும். தேய்மானம் அப்படி ஒழுங்காக வராது, கோணலாகத்தான் வரும். நம் செருப்புக் குதிகால் மாதிரி.

ஆனால் தம்பி கையில் எடுத்துப் பார்க்க முடியாதே. படத்தில் பார்த்து வாங்குகிறவருக்கு உருண்டை இருப்பதுதான் நல்லது.

முடிகொண்டான்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணே, நீங்கள் எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்பவில்லை, பதமாகத்தான் கேட்டேன். ‘இருநூறு பேனா விற்றிருக்கிறேன், இவ்வளவு கேள்வி யாரும் கேட்டதில்லை’ என்று முதலில் கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் படமும் வீடியோவும் வந்தன. உள்குழாயில் 51 என்று இருக்கிறது. கூட்டைக் கழற்றவில்லையாம். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது, அதனால் ‘ண’தான் எழுதினார்.

எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நேர் எதிரே எடுத்த படத்தில் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லை. இடப்பக்கம் நீங்கள் சொன்ன அரைக் கடுகு. வலப்பக்கம் அதைவிடச் சின்னது, எங்கள் மில்லில் குருணை என்று தனியாகச் சலித்துப் போடுவோமே, அந்த மாதிரி ஓரம் உடைந்த தோற்றம். மேல்மட்டம் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. வீடியோவில் ஒரு வரியில் பன்னிரண்டு ‘ண’. ஐந்தில் முதல் சுழியின் ஆரம்பம் காகிதத்திலேயே இல்லை. மூன்று சுழி ண இரண்டரை சுழியாக நிற்கிறது. அவர் ‘புது மை, செட் ஆகிவிடும்’ என்கிறார். 8,000க்குத் தருகிறேன் என்றும் சொன்னார்.

கால் ஏறி இறங்கி இருப்பதால் அப்படித் தெரிகிறதா? அப்படியானால் ஐந்து நிமிஷ வேலை என்று நீங்களே சொன்னீர்கள், அதனால்தான் சபலம்.

அரசலாறு:

படம் பார்த்தேன். கால் ஏறி இறங்கியிருந்தால் இரண்டு பாதியும் ஒரே அளவில் இருந்து, ஒன்று மட்டும் மேலே நிற்கும். இங்கே மட்டம் சரியாக இருக்கிறது, அளவுதான் குறைகிறது. நீங்கள் சொன்ன குருணை சரியான வார்த்தை. வலது காலில் இரிடியம் ஒரு துண்டு பெயர்ந்து போயிருக்கிறது, பேனா கீழே விழுந்திருக்கும். அதை மறைக்க யாரோ தேய்த்திருக்கிறார்கள். பக்கவாட்டுப் படத்தை வலப்பக்கமாகப் பெரிதாக்கிப் பாருங்கள், நுனிக்கு வெகு அருகில் மஞ்சள் ஆரம்பிக்கிறது. இடப்பக்கத்தில் அதே இடம் இன்னும் வெள்ளை. அந்தத் தேய்ப்பில்தான் உங்கள் அரைச் சுழி காணாமல் போனது. மை செட் ஆகிச் சரியாகிற விஷயம் இல்லை.

5,000க்குக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் உங்களுக்குத் தினமும் பேரேடு எழுத வேண்டும். 8,000க்கு வேண்டாம்.

முடிகொண்டான்:

விட்டுவிட்டேன் அண்ணே. அவரிடம் சொன்னேன், ‘சரி’ என்று ஒரே வார்த்தையில் முடித்தார். நேற்று பார்த்தால் அதே பேனா மறுபடி 9,500க்கு ஏறியிருக்கிறது. ரோஜாப்பூவுக்குப் பதில் இப்போது வெற்றிலை.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் ஒரு வளைகாப்புக்கு வருகிறேன். நல்ல நிப்பு என்றால் நேரில் எப்படி இருக்கும் என்று இதுவரை லென்ஸ் வைத்துப் பார்த்ததே இல்லை. தொந்தரவு இல்லை என்றால் ஒரு அரைமணி நேரம் வரலாமா?

அரசலாறு:

வாருங்கள். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மேல் வந்தால் வெளிச்சம் ஜன்னல் வழியாக மேஜையில் விழும், லென்ஸுக்கு அதுதான் நல்லது. வழி தனிச்செய்தியில் அனுப்புகிறேன். மில் பேரேட்டிலிருந்து நாலு வெற்றுத் தாள் கிழித்து வாருங்கள், என்னிடம் இருக்கிற வழவழத் தாளில் எந்தப் பேனாவும் நல்ல பெயர் வாங்கிவிடும். மூன்று 51 எடுத்து வைக்கிறேன். எது என்ன நிலைமை என்று சொல்ல மாட்டேன், நீங்களே பார்த்துச் சொல்ல வேண்டும். பத்தர் சூடு காட்டிய அந்த ஷீஃபர் நிப்பும் இருக்கிறது. இன்னும் கல்லாப்பெட்டியில்தான்.

மாயவரத்தாள்:

நானும் வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. வருகிறேன். இடது கைக்கு ஒரு நாற்காலி ஓரமாகப் போடுங்கள்.